பழைய மாட்டுக் கொட்டகையைக் குறைந்த செலவில் கோழிக்கூடாக மாற்றுதல்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் கொல்லைவாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். அடுப்படிக் கட்டைத் தாண்டினால், ஒரு காலத்தில் மாடு கட்டிய கொட்டகை ஒன்று விறகும் தட்டுமுட்டுச் சாமான்களும் அடைந்து கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம். புதிதாகக் கோழிக்கூடு கட்டுவோருக்குக் கூரையும் சுவரும்தான் பெருஞ்செலவு; அவ்விரண்டும் நமக்கு முன்னோர் வைத்துவிட்டுப் போனவை. ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் துவாரங்களை அடைப்பதற்கும் காற்று வர வழி செய்வதற்கும் ஒதுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் கொட்டகையை முழுவதும் காலி செய்யுங்கள். பழைய உர மூட்டை, பூச்சிமருந்துப் புட்டி ஆகியவை இருந்த இடமானால் மேல்மண்ணையும் சுரண்டி அப்புறப்படுத்த வேண்டும். விறகைக் கையால் அள்ளாமல் கம்பால் புரட்டுங்கள், தேள் இருக்கும். பிறகு கைமரங்களின் இடுக்குகளையும் சுவர் வெடிப்புகளையும் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். கோழியின் இரத்தத்தை உறிஞ்சும் உண்ணிகள் பகலில் அங்கேதான் பதுங்குகின்றன. இரையே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் இயல்புடையவை என்பதால், கொட்டகை பல காலம் வெறுமையாகக் கிடந்தது என்று எண்ணி இவ்வேலையைத் தள்ளிவிடக் கூடாது. வெடிப்புகளைச் சுண்ணாம்புக் காரையால் பூசி, அதன்மேல் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்து, நன்றாக உலரவிடுங்கள். பழைய காரைச் சுவரின்மேல் சிமென்டு பூசாதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பெயர்ந்து விழும்.

உடைந்த நாட்டு ஓடுகளை மாற்றுவது எளிய வேலை. கூரை தகரமாக இருந்தால் அதன்மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்வது கட்டாயம். சித்திரை வெயிலில் வெறுந்தகரத்தின் கீழ்க் கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைக்கும்.

இனித் துவாரங்கள். நான் சன்னல்களுக்கெல்லாம் கம்பிவலை அடித்து, கதவுக்குப் புதிய தாழ்ப்பாளும் வைத்துவிட்டு, மாட்டு மூத்திரம் வழிந்தோடுவதற்காகத் தளத்தின் ஓரத்தில் விட்டிருந்த நான்கு அங்குலத் துவாரத்தை மறந்துவிட்டேன். அதன் வாயில் காய்ந்த சருகு அடைந்திருந்ததால் அது என் கண்ணில் படவில்லை. ஒரு நண்பகலில் கீரி அந்தச் சருகைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, அடையிலிருந்த பெட்டையைக் கழுத்தில் கடித்துக் கொன்றுவிட்டது. பதினோரு முட்டைகளும் போயின. அன்று முதல், கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருட்டில் நின்று, எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடும்படி எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். சுவர் உயரத்தில் உள்ள இடைவெளிகள் காற்றுக்கு வேண்டியவை. அவற்றை மூடாமல் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த) கம்பிவலை அடிக்க வேண்டும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நாயையோ மரநாயையோ தடுக்காது. தரையோரத் துவாரங்களைக் கல்லும் காரையும் வைத்து அடைத்துவிடுங்கள். மண் தரையாக இருந்தால், பெருச்சாளி தோண்டாதபடி சுவரோரமாக ஓர் அடி ஆழத்திற்கு வலையைப் புதைப்பது நல்லது. செலவில் கை சுருக்கக் கூடாத இடம் இந்த வலை ஒன்றுதான்.

உள்ளே ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்பது கணக்கு. பத்தடிக்கு எட்டடிக் கொட்டகையில் நாற்பது கோழிகள் அடங்கும் என்றாலும், முதன்முதலாக வளர்ப்பவர் ஒரு சேவலும் எட்டுப் பத்துப் பெட்டைகளுமாகச் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வாங்கித் தொடங்குவதே சரி. தரையில் மூன்று அங்குலத்திற்கு நெல் உமியோ கடலைத் தொலியோ பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். கண் எரியும் நெடி வந்தால் உமி ஈரமாகிவிட்டது என்று பொருள். ஈரமான பகுதியை அள்ளிவிட்டுப் புது உமி போட வேண்டும். கழித்த உமி தென்னைக்கு நல்ல உரம்.

இரவில் அமர, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இரண்டு அங்குல அகலமுள்ள பழைய மரச்சட்டத்தை, முனைகளை இழைத்துப் பொருத்துங்கள். கோழி ஒன்றுக்கு எட்டு அங்குலம் போதும். முட்டையிட, நான்கைந்து பெட்டைகளுக்கு ஒன்றாகக் கள்ளிப்பெட்டியில் வைக்கோல் இட்டு, அமரும் சட்டத்தைவிடத் தாழ்வாக, இருட்டான மூலையில் வையுங்கள். பெட்டி உயரமாக இருந்தால் கோழிகள் அதிலேயே உறங்கி எச்சமிட்டு, முட்டைகள் அழுக்காகும்.

கோழிகளைக் கொண்டுவரும் முன் அரசுக் கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்நோய் வந்தபின் மருந்தில்லை. வந்த கோழிகளை ஐந்தாறு நாள் உள்ளேயே அடைத்து வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அதன்பின் ஒரு மாலையில், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கதவைத் திறந்துவிடுங்கள். கொல்லையில் சற்றே மேய்ந்துவிட்டு, இருட்டும் வேளையில் அவை தாமாகவே உள்ளே வந்து சட்டத்தில் ஏறும்; எண்ணிப் பார்த்துவிட்டுத் தாழிடுங்கள்.