நூலிழையில் தப்பியவற்றையும் எழுதி வையுங்கள்

ஒரு பணியிடம் எவ்வளவு பாதுகாப்பானது என்பதை விபத்துகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 50 பேர் வேலை செய்யும் பட்டறையில் ஆண்டுக்கு 2 காயங்களும், 200 பேர் வேலை செய்யும் பட்டறையில் 4 காயங்களும் ஏற்பட்டால், இரண்டாவதே மோசமானது என்று தோன்றும். ஆனால் ஒருவர் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் உழைப்பதாகக் கொண்டு, 10 லட்சம் உழைப்பு மணி நேரத்துக்கு எத்தனை காயங்கள் என்று கணக்கிட்டால், முதலாவதில் 20, இரண்டாவதில் 10 என்று வரும்.

இதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, யாருக்கும் அடிபடாமல் நூலிழையில் தப்பிய நிகழ்வுகளைப் பதிவு செய்வதுதான். அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் நாசா நடத்திவரும் திட்டத்தின்படி, விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் இத்தகைய நிகழ்வுகளை அறிவிக்கிறார்கள். அறிவித்தவரின் பெயர் நீக்கப்பட்ட பிறகே அந்தத் தகவல் பிறரின் பார்வைக்கு வருகிறது. மருத்துவமனை, தொழிற்சாலை, பள்ளி வேன் என எங்கும் இந்த முறையைச் சிறிய அளவில் கடைப்பிடிக்கலாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும்: என்ன நடந்தது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள், எழுதுபவரின் பெயரையும் தவறு செய்தவரின் பெயரையும் தயவுசெய்து கேட்காதீர்கள். தொடக்க மாதங்களில் பதிவுகள் கூடினால் அஞ்ச வேண்டாம், ஏனெனில் பெரும்பாலும் அது ஆபத்து பெருகியதைக் காட்டுவதில்லை, பயமின்றிச் சொல்லலாம் என்ற நம்பிக்கை வளர்ந்திருப்பதையே காட்டுகிறது. மாதம் ஒருமுறை அனைவரும் கூடிப் படித்து, திரும்பத் திரும்ப வரும் ஒரு குறையை, அது எண்ணெய் சிந்தும் படிக்கட்டோ மூடியில்லாத சுவிட்சோ, அடுத்த கூட்டத்துக்கு முன்பாகவே சரிசெய்துவிடுங்கள்.