குழப்படியா, மனச்சோர்வா? பெற்றோர் விடும் தவறுகள்

"சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை?" கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. முதல் தவறே இதுதான். பருவமடையும் முன்பே 100 பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்கு மனச்சோர்வு நோய் வரலாம். பதின்ம வயதில் இது இன்னும் கூடும். அப்போது பெண் பிள்ளைகளிடம் ஆண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 40 பேர் இருக்கும் ஓ/எல் வகுப்பில் ஒருவருக்காவது இருக்கும் என்று எண்ணுவது மிகையில்லை.

இதைவிடப் பெரிய தவறு, பிள்ளை அழுகிறதா என்று மட்டும் பார்ப்பது. மனம் சோர்ந்த பிள்ளை பல நேரம் அழாது. எரிந்து விழும், தம்பியோடு சண்டை பிடிக்கும், கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டாலும் போகாது, பள்ளிக்கூடம் போகிற நேரம் பார்த்து வயிறு வலிக்கும். நாமோ சண்டைக்கு அடியும் வயிற்றுக்குப் பனடோலும் கொடுப்போம். பிள்ளைகளில் கவலையின் இடத்தில் எரிச்சலே முக்கிய அறிகுறியாக இருக்கலாம் என்று மனநல மருத்துவம் ஏற்கிறது. இரண்டு வாரமாக, ஏறத்தாழ தினமும், நாளின் பெரும்பகுதி இப்படியே இருந்து, தூக்கமும் சாப்பாடும் படிப்பும் குழம்பினால் அது குழப்படி இல்லை.

சரி, அதற்காகப் புலமைப்பரிசில் முடிவு வந்து இரண்டு நாள் முகம் வாடினால் நோய் என்று பதறவும் வேண்டாம். யூடியூப் பார்த்து "பைபோலார்" (மனம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்று பெயர் வைப்பது அதைவிட மோசம். சின்னப் பிள்ளைகளில் அது மிக அரிது. ஓயாமல் கோபப்படும் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் அந்தப் பெயரை அளவுக்கு மீறிச் சூட்டினார்கள். அதனால்தான் 2013இல் அங்கே அத்தகைய பிள்ளைகளுக்கென்று வேறொரு நோய்ப்பெயரை வகுத்தார்கள்.

"பரீட்சை முடியட்டும், வைத்தியரிடம் காட்டுவோம்" என்று தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. தரம் 5 முடிந்தால் ஓ/எல், அப்புறம் ஏ/எல். கொழும்பில் பரீட்சை எப்போது முடிந்தது?

சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையிடம் அதைக் கேட்கப் பயப்படுவதும் தவறு. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உடனே உதவி வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான மனநலச் சிகிச்சை உண்டு. அங்கேயும் ஒரு தவறு நடக்கலாம்: வைத்தியர் சிங்களத்தில் கேட்க, அம்மா மொழிபெயர்க்க, பிள்ளை வாயே திறக்காது. அம்மாவைப் பற்றியே சொல்ல ஏதாவது இருந்தால்? தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள், பிள்ளை தனியாகப் பேசட்டும்.