விசில் அடிப்பவரையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள்

பல கபடி அணிகளில் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்தான் விசிலும் அடிக்கிறார். பிள்ளைகள் எங்கே கால் வைப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அதனாலேயே கோட்டை மிதித்தது கண்ணில் படாது. பட்டாலும், ஆட்டம் சூடாக இருக்கும்போது நிறுத்த மனம் வராது. டோர்னமென்ட்டில் அதே காலுக்கு அவுட் விழும். வாரம் ஒரு மாலை வெளி நடுவர் ஒருவரைக் கூப்பிட்டு 25 நிமிடம் ஆட விடுங்கள். நடுவர் தேர்வுக்குத் தயாராகிறவர் என்றாலும் போதும், அவருக்கும் களப்பழக்கம் வேண்டுமே.

முதல் வேலை, மாஸ்டரும் நடுவரும் சேர்ந்து டேப் பிடித்துச் சுண்ணாம்பு போடுவது. ஆண்களுக்குக் களம் 13க்கு 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (பாடிப் போகிற ரெய்டர் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அங்கிருந்து கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு 1 மீட்டர். பெண்களுக்கு 12க்கு 8, பாக் லைன் 3 மீட்டர். சென்னை கண்ணகி நகர் மாதிரி பையன்களும் பெண்களும் ஆடுகிற இடங்களில் இதில் கவனம் வேண்டும். பையன்களுக்குப் போட்ட களத்திலேயே பெண்கள் பழகினால் போனஸ் கோடு 75 சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது. அந்தக் காலடி உடம்பில் ஊறிவிட்டால், போட்டியன்று தேவைக்கு மேல் உள்ளே போய் கார்னரில் நிற்கிற தடுப்பாளர் கையில் மாட்டுவார்கள்.

இந்த 25 நிமிடத்தைப் பயிற்சியின் கடைசியில் வையுங்கள். மூச்சு வாங்கும்போதுதான் ‘கபடி கபடி’ பாட்டு அறுபடும், எதிராளியைத் தொடுவதற்கு முன்பே கால் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் போகும், கை ரெய்டரின் பனியனைப் பிடிக்கும். சென்னைப் புழுக்கத்தில் இது சீக்கிரமே வரும். தண்ணீர் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அதிகம் சண்டை வருவது போனஸில். எதிரில் 6 பேராவது இருக்க வேண்டும். ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றும் நேரத்தில் மற்ற கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். பின்கால் விரல் மண்ணை உரசிக்கொண்டு வந்தால் புள்ளி கிடையாது. அம்பயரைக் களத்தின் பக்கவாட்டில், போனஸ் கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள். ரெய்டர் 10 முறை போகட்டும். அம்பயர் கை காட்டுவதற்கு முன்பே ரெய்டர் வாயால் ‘வந்தது’ அல்லது ‘வரல’ என்று சொல்லிவிட வேண்டும். இருவரும் முரண்படும் முறைகளை மட்டும் நோட்டில் குறியுங்கள். மண் தரை என்றால் கால் இழுத்த தடமே சாட்சி. மேட் விரிப்பில் தடம் விழாது. போனை முட்டி உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் காலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி தெரியாது.

ஒரு ரெய்டுக்கு உள்ள 30 விநாடியைப் பழக்குவது எளிது. முதல் வாரம் 20வது விநாடியில் குரல் கொடுங்கள், அடுத்த வாரம் நிறுத்திவிடுங்கள். ரெய்டர் தானாக எண்ணப் பழகட்டும்.

வெளியே உட்கார்ந்திருப்பவர்களைச் சும்மா விடாதீர்கள். ஆளுக்கு 5 நிமிடம் அம்பயர் வேலை கொடுங்கள். தான் கொடுத்த அவுட்டுக்குக் காரணம் சொல்லித் திணறிய பையன், அடுத்த முறை நடுவரிடம் கத்துவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பான். போட்டியில் கத்தினால் பச்சை அட்டை எச்சரிக்கை. மஞ்சள் வந்தால் 2 நிமிடம் வெளியே. அந்த 2 நிமிடத்தில் ஆல் அவுட் ஆகிற அணிகளும் உண்டு.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: நடுவர் மாஸ்டர் ஆகிவிடுவார். ‘இப்படிப் பிடிச்சிருக்கணும் தம்பி’ என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் இரண்டு குரலுக்கு நடுவில் குழம்புவார்கள். எந்த விதி, எந்தக் கால், எந்த நேரம், அவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டும். அதை எப்படித் திருத்துவது என்பது மாஸ்டர் பாடு. மாஸ்டரும் ஆட்டத்துக்கு நடுவே வாயைத் திறக்கக் கூடாது. கேட்க வேண்டியதை முடிந்த பிறகு நோட்டை வைத்துக்கொண்டு கேட்கட்டும். அப்போதும் ‘ஏன் சார் கொடுத்தீங்க’ என்று ஆரம்பித்தால் வாக்குவாதம்தான். ‘எதைப் பார்த்துக் கொடுத்தீங்க சார்’ என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

நடுவருக்குப் பஸ் காசும் டீயும் உங்கள் பொறுப்பு. அவரே உங்கள் அணி ஆடும் டோர்னமென்ட்டில் விசில் அடிக்க வந்தால், ஆட்டத்துக்கு முன்பே அமைப்பாளரிடம் சொல்லி வேறு களத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.