சுங்குடியில் ஆரி போடும் முன்…

மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கி வந்த சுங்குடிப் பருத்தித் துணியை அப்படியே ஆரி எம்பிராய்டரி ஃபிரேமில் மாட்டிவிடாதீர்கள். பருத்தி கஞ்சியோடு வருகிறது, முதல் நனைப்பில் சுருங்கும், ஆனால் மேலே போட்ட பட்டு நூல் அந்த அளவுக்குச் சுருங்காது என்பதால் பூவைச் சுற்றி அலை அலையாகத் துணி தூக்கிக்கொண்டு நிற்கும். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டு, லேசாக அயர்ன் பண்ணி, அப்புறம் மாட்டுங்கள். சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பார்ப்பதும் அவசியம், சிவப்பிலும் கருநீலத்திலும் கண்டிப்பாக.

இன்னொன்று, ஆரி என்பது அடிப்படையில் சங்கிலித் தையல். குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சிகளின் கொக்கி ஊசியிலிருந்து வந்த வேலை அது, வேகமாக ஓடும், ஆனால் கடைசி வளையம் திறந்திருந்தால் ஒரே இழுப்பில் மொத்த வரிசையும் உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் கடைசி வளையத்துக்கு வெளியே, ஒட்டினாற்போல் ஒரு குட்டித் தையல் போட்டு, நூலை அடிப்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள். கடையில் தைக்கக் கொடுத்தாலும் வாங்கும்போது பிளவுஸைத் திருப்பி முடிச்சுகளைப் பாருங்கள், முன்பக்க மினுமினுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.