ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்தால் என்ன செய்வது?

காட்பாடியில் இருக்கும் எங்கள் மாமா போன வருஷம் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று இருந்தது. “இது எல்லாருக்கும் இருக்கறதுதான்” என்று ஸ்கேன் எடுத்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள், அவரும் அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒன்று இருந்தால் எடுத்து வையுங்கள்.

அந்த கிரேடு, கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். நாள்பட நாள்பட கல்லீரலில் தழும்பு விழுந்து இறுகிப் போவதுதான் ஆபத்து, அது ஆரம்பத்தில் சாதாரண ஸ்கேனில் தெரியாது. கிரேடு 3 இருந்தும் தழும்பே விழாதவர்கள் உண்டு, கிரேடு 1 இருந்தும் விழுந்தவர்கள் உண்டு.

தழும்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பெயர் ஃபிப்-4. எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காக 2006ல் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது, இப்போது ஃபேட்டி லிவருக்கும் முதல் சல்லடை இதுதான். வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு கல்லீரல் என்சைம் அளவுகள், பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கும் போதும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட் 1.8 லட்சம் என்றால் 180 என்று எடுத்துக்கொண்டு, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். மாமாவுக்கு வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 180. மேலே 2496, கீழே 180 பெருக்கல் 8, அதாவது 1440. விடை 1.73.

1.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. 2.67க்கு மேல் போனால் தள்ளிப்போடாமல் கல்லீரல் டாக்டரைப் பாருங்கள். நடுவில் நின்றால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக நம்பத்தக்கதில்லை. சர்க்கரை இருப்பவர்கள், எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும், ஏனென்றால் நார்மல் ரிப்போர்ட்டுக்குப் பின்னாலும் தழும்பு இருக்கலாம்.

ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் போக வேண்டும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள், விலா எலும்புகளுக்கு நடுவில் கருவியை வைத்துப் பத்து முறை லேசாகத் தட்டுவது போல இருக்கும், வலிக்காது. இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் சொல்வார்கள், 8க்குக் கீழே இருந்தால் நிம்மதி. மாமாவுக்கு 9.1 வந்தது.

மருந்து என்ன என்றுதான் அவர் முதலில் கேட்டார். டாக்டர் சொன்னது எடை. கியூபாவில் 293 பேரை ஒரு வருஷம் கவனித்து 2015ல் வெளியான ஆய்வில், உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தழும்பே குறைந்திருந்தது. 80 கிலோ ஆளுக்கு அது 8 கிலோ. 4 கிலோ இறங்கினாலே கொழுப்பு கரைய ஆரம்பிக்கும். ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து இறக்காதீர்கள், அது கல்லீரலுக்கே கெடுதல்.

நம்ம ஊர்ச் சாப்பாட்டில் முதலில் கை வைக்க வேண்டியது சோற்றின் அளவிலும், ஒரு நாளைக்கு நான்கு டீயில் போகிற சர்க்கரையிலும்தான். கேழ்வரகு களி நல்லதுதான், ஆனால் சோற்றுக்குப் பதிலாக ஒரு உருண்டை, சோற்றோடு சேர்த்து இரண்டு இல்லை. ஆற்காடு மக்கன் பேடா பொங்கல் தீபாவளிக்கு மட்டும். நடக்க வேலூர் வெயிலுக்கு விடியற்காலைதான் சரி, மாமா ஐந்தரைக்கெல்லாம் கோட்டை அகழி ஓரம் போய்விடுகிறார்.

குடிப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு குவார்ட்டர் பிராந்தி, விஸ்கியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஏற்கெனவே கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

அப்புறம் கீழாநெல்லி. 1988ல் சென்னையில் நடந்த பிரபலமான ஆய்வு ஹெபடைடிஸ் பி-க்கானது, கொழுப்புக்கானது இல்லை, அதன் முடிவும் பிற்பாடு மற்ற இடங்களில் அப்படியே வரவில்லை. சீந்தில் கொடியால் கல்லீரல் கெட்டதாக மும்பை டாக்டர்கள் கொரோனா காலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். என்ன சூரணம், என்ன டானிக் குடித்தாலும் அந்தப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வையுங்கள், மறைக்காதீர்கள்.