ஓடக் கிளம்பும் முன் நாடி பாருங்கள்

காலையில் கண் விழித்ததும், எழும்பாமல் படுத்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 60 நொடிக்கு நாடித்துடிப்பை எண்ணுங்கள்; காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே குறித்துவிடுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். சும்மா நடந்தால் போதும்.

களைப்பு தீராத உடலில், ஓய்விலும் நரம்பு மண்டலம் இதயத்தை முடுக்கிக்கொண்டே இருக்கும். அதுதான் துடிப்பில் தெரிகிறது. வேகத்தை வைத்துக் களைப்பை அளப்பது நம்ம குமரி மாவட்டத்தில் சரிப்படாது. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே அடித்தால், நன்றாகத் தூங்கி எழுந்தவரும் ஊர்ந்துதான் போவார். சைக்கிள் மிதிப்பவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்! நாடி எண்ண விலை கூடிய வாட்ச் எதுவும் வேண்டாம்.

கட்டன்சாயா குடித்த பிறகு எண்ணினால் கணக்கு தப்பும். காய்ச்சல், தூக்கம் கெட்ட இரவு, உடலில் நீர் வற்றிய நாள் என்றாலும் துடிப்பு ஏறும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாதக்கணக்கில் உடம்பை வருத்தியவர்களுக்கோ துடிப்பு கூடாமலே இருக்கலாம், சிலருக்குக் குறையவும் செய்யும். ஓய்வெடுத்தும் அசதி வாரக்கணக்கில் போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.