சிப்பிக் காளான்: முதல் பத்து உருளைகள்

சிப்பிக் காளான் வளர்க்க, ஆரம்பத்துக்குப் பத்து உருளை (வைக்கோலும் வித்தும் அடுக்கிக் கட்டிய பை) போதும். ஒரு பொட்டலம் வித்து (தானியத்தில் வளர்த்த காளான் பூஞ்சை) இரண்டு உருளைக்கு வரும்; உருளைக்கு அரைக் கிலோ காய்ந்த வைக்கோல். பொன்னிறமாக, மழை படாததாக எடுங்கள். கறுத்தது வேண்டாம்.

3 முதல் 5 செ.மீ. நீளத்தில் நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, அண்டாவில் முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். வைக்கோல் மிதக்கும், மேலே கல் வைத்து அமுக்குங்கள். மிதந்தது வேகாது, பச்சைப் பூசணம் அங்கிருந்துதான் கிளம்பும். வேகவைப்பதற்குப் பதிலாக பார்மலின், கார்பன்டாசிம் என்ற கிருமி, பூசணக் கொல்லி மருந்துகளின் கரைசலில் ஊறவைத்தால் விறகு மிச்சம்தான். ஆனாலும் சாப்பிடுகிற பொருளுக்கு வெந்நீரே என் கட்சி.

அடுத்து உலர்த்துவது. பாதி உருளைகள் கெடுவது இங்கேதான். சுத்தமான தார்ப்பாயில் நிழலில் பரப்புங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். சொட்டு விழுந்தால் இன்னும் காயணும். சொட்டாமல் உள்ளங்கை மட்டும் ஈரமானால் சரி. குவியலின் அடியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். மேலே காய்ந்து அடியில் நீர் கோத்திருக்கும். அந்த ஈரத்தோடு கட்டினால் வித்து அழுகிப் புளித்த வாடை வரும்.

60க்கு 30 செ.மீ. பாலித்தீன் பை. அடியைக் கட்டி, நடுவில் எதிரெதிராக 1 செ.மீ. துளை இரண்டு. 5 செ.மீ. வைக்கோல், ஓரத்தைச் சுற்றி 25 கிராம் வித்து. இப்படியே ஐந்து அடுக்கு, கையால் அழுத்தி. வாயைக் கட்டித் தேதி எழுதுங்கள்.

இருட்டான அறையில் 15 முதல் 20 நாளில் வெள்ளைப் பூஞ்சை இழை உருளை முழுக்கப் படர்ந்துவிடும். பிறகு பையைக் கிழித்து, காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் உள்ள, சாக்கும் மணலும் நனைத்த குடிலுக்கு மாற்றுங்கள். மொட்டு வந்து மூன்றாம் நாள் பறிக்கலாம். பறித்த பிறகே உருளைக்குத் தண்ணீர் தெளியுங்கள். ஈரக் காளான் பையில் சீக்கிரம் நொந்துபோகும்.

காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டுத் திறந்து வையுங்கள். வலை இல்லாவிட்டால் ஈ புகுந்து முட்டையிடும்.

பின்சேர்க்கை: விற்கப் போகிறவர்கள் ஒரே நாளில் ஐம்பது உருளை கட்ட வேண்டாம். எல்லாம் ஒன்றாகப் பூத்து, விற்க ஆளில்லாமல் வாடும். தினமும் ஐந்து கட்டுங்கள். சித்திரை வெயிலில் குடில் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊர் என்றால், அந்த மாதங்களுக்கு வெயில் தாங்கும் பால் காளான் போடுங்கள். அதற்கு உருளையின் மேல் மண் பரப்பும் வேலை கூடுதல்.